ஒரு நாள் பேரு போயிரும் என்று

அன்று ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து அறையில் இருந்தவர்கள் பாரிசவாதத்தில் கிடந்த என் வீட்டுக்காரர், நான், மகள், யட்டியாந்தோட்டையிலிருந்து வந்த வங்கி ஐயா.

வீட்டுக்காரரைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருடைய சேமிப்புப் பணம் வேண்டியிருந்தது. ஐயா பெயர் கேட்டார். அவர் தன் பெயரே தெரியாமல் முழித்தார்.

“நெனவு இல்லாதவர்கிட்ட கைநாட்டு வாங்க முடியாதும்மா. கோர்ட்டுல உத்தரவு எடுங்க.”

அவருடைய வங்கிப் புத்தகத்தில் என்னையும் சேர்க்கும்படி, அவர் நன்றாக இருந்தபோதே கேட்டிருந்தேன். “டவுனுக்குப் போனா ஒரு நாள் பேரு போயிரும் புள்ள. நான் கல்லு மாதிரி இருக்கேன்” என்று பால்வெட்டப் போனார். நானும் பேரு விழாவிட்டால் போகும் ஒரு நாள் சம்பளத்தை நினைத்து, வாளியோடு பின்னால் போனேன்.

உத்தரவு வருமுன் அவர் போய்விட்டார்.

இப்போது என் புத்தகத்தில் மகளும் இருக்கிறாள். லயத்தில் பன்னிரண்டு வீட்டிலும் சொன்னேன். வங்கிக்குப் போய்ச் சேர்த்தவர்கள் இரண்டு வீடு.