நெல்லு அவிச்ச ஊடு

ஆரணி ஆற்றங்கரையில் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "நெல்லு அவிச்ச ஊடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெயர் என் மனைவி வாங்கிக் கொடுத்தது என்று ஊரில் பேச்சு. உண்மை வேறு.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் வில்லிவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். எனக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பாகப்பிரிவினையில் பொன்னேரிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் என் பங்குக்கு வந்ததும் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. பயிர் வைத்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். வேலையை விடத்தான் தைரியம் வரவில்லை. தை வரைக்கும் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். ஒரு போகம் தேறினால் இங்கேயே இருப்பது, தேறாவிட்டால் மூட்டையைக் கட்டுவது என்று கணக்கு.

அவளுக்கு இந்த ஆசையில் பங்கே கிடையாது. குழாயடியும் ரேஷன் கடையுமாக வளர்ந்தவள். இருந்தாலும் சரி என்று ஒருமுறை சொன்னபின் முகம் சுளிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவுக்குள் மற்றப் பாத்திரங்களை அடுக்கினாள், இரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

ஆவணியில் விதைநெல் ஒரு மூட்டை வாங்கினேன். என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சொன்னார்.

"ராவெல்லாம் ஊறட்டும் சார். காலீல தண்ணிய வடிச்சிட்டு, கோணில கட்டி, மேல வைக்கோலு போட்டு அமுக்கி வெச்சா சூடு கட்டிக்கும். மொள தானா வந்துரும்."

ஃபிட்டருக்குத் தெரியாததா என்ற நினைப்பில் பாதிக் காதால் கேட்டேன். வீட்டுக்கு வந்து அவளிடம், "நெல்ல ராத்திரி ஊறப் போடு. காலைல சூடு பண்ணணுமாம்" என்றேன். விடிந்ததும் உரம் வாங்க சைக்கிளில் பொன்னேரிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பும்போது தூரத்திலேயே வாசனை வந்தது. புழுக்கிய நெல்லின் வாசனை. அவள் அம்மா வீட்டில் மூட்டையாக நெல் வாங்கி அவித்து மில்லுக்கு அனுப்புகிற வழக்கம் உண்டு. ஊறவைத்த நெல்லைச் சூடு பண்ணுவதென்றால் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அண்டாவில் மூன்று தடவையாகப் போட்டு, பதம் தப்பாமல் அவித்து, பாய் விரித்துக் காயவைத்திருந்தாள். குழந்தை கோழியை விரட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தின கத்தல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். "அறிவு இருக்கா உனக்கு? வெதநெல்ல எவளாச்சும் அவிப்பாளா?"

"நீங்கதான சூடு பண்ணணும்னு சொன்னீங்க?" என்றாள், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். பாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தாண்ணா தெரியாம அவிச்சிட்டேன்."

நான் மறுக்கவில்லை. எழுதும்போதும் கூசுகிறது.

அன்று சாயங்காலம், "திரும்பிப் போயிடலாம், லீவ கேன்சல் பண்ணிடறேன்" என்றேன். திரும்பிப் போக அவளுக்கு அதைவிட நல்ல சாக்குக் கிடைத்திருக்காது. குழாயடியும் தங்கச்சி வீடும் அங்கேதானே இருந்தன. "போலாம், போலாம். இன்னா அவசரம்? நட்டுட்டுப் போலாம்" என்றாள்.

எதை நடுவது? மறு விதை வாங்க வழியில்லை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். எல்லாரும் நட்டு முடித்தபின் வரப்பில் மிச்ச நாற்று வாடிக் கிடக்கும் என்று பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். புரட்டாசி முழுக்க ஊரார் வயலில் நடவுக்குப் போனாள். கூலிக்குப் பதில் மிச்ச நாற்றைக் கேட்டு வாங்கினாள். சேற்றில் கால் வைத்தறியாதவளுக்கு விரலிடுக்கெல்லாம் புண். நாற்றுக் கட்டுகளை சைக்கிள் கேரியரில் ஏற்றி வருவது என் வேலை. நடவுப் பெண்கள் "அவிச்சம்மா, அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?" என்று கேலி பேசினால் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பாள்.

எங்கள் வயலைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு வீட்டு நாற்றும் ஒவ்வொரு ரகம். ஒரு பக்கம் கதிர் வந்தபோது இன்னொரு பக்கம் தண்டுக்குள் திரளும் தொண்டைக் கதிர்கூட வரவில்லை. அறுப்பும் தவணை தவணையாகத்தான் நடந்தது. அதுவரை நாங்கள் சாப்பிட்டது அந்த அவித்த நெல்லின் சோறுதான். மகசூல் அமோகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தையில் தொழிற்சாலைக்குப் போய் நான் நீட்டியது ராஜினாமாக் கடிதம்.

அடுத்த ஆவணியில் விதையை நானே ஊறப்போட்டு, வடித்து, கோணியில் கட்டினேன். மறுநாள் பக்கத்து வயல்காரர் வரப்பில் போகும்போது, "அந்தம்மாவ அடுப்பாண்ட வுடாதீங்க சார்" என்று சிரித்தார். அன்றைக்கு ஏனோ தாங்க முடியவில்லை. அவரை நிறுத்தி, தப்பு அவளுடையது இல்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று கொட்டிவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் சார். சூடு கட்டணும்னு நான் சொன்னது உங்ககிட்டதான? அந்தம்மாகிட்ட எங்க சொன்னேன்? அன்னிக்கே கேக்க வந்தேன். அந்தம்மாதான் எங்க ஊட்டாண்ட வந்து, சொல்லாதீங்கண்ணான்னுச்சு. வெளில தெரிஞ்சா அவுரு வெக்கப்பட்டுக்கினு மறுபடி வேலைக்கே போயிடுவாராம். அவுருக்கு இந்த நெலம்னா உசுராம்."

வீட்டுக்கு வந்தேன். அவள் கோணிமூட்டையின் மேலிருந்த வைக்கோலை விலக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளங்கையை மூட்டையில் வைத்துப் பார்த்து, "வாங்க, தொட்டுப் பாருங்க. சூடு கட்டிக்கிச்சு" என்றாள்.

அவள் கை வைத்த இடத்திலேயே நானும் வைத்தேன்.