ஆறுமணிக் குருவிக்கு வெள்ளை கட்டியவள்

ஏணியின் மூன்றாம் படியில் நின்றபடி, மாடிக் கண்ணாடியை மறைத்து வேட்டியின் மற்ற முனையையும் இழுத்து ஆணியில் முடிகிறாள் சின்னத்தங்கம். வாயில் ஒரு சணல் துண்டு. அறுபத்திரண்டு வயதுக்கு ஏணி கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். "அவருக்கென்ன, அவரின்ரை வீட்டிலை குருவி வந்து மோதுதே?" என்று சணலைக் கடித்துக்கொண்டே கேட்கிறாள். மொத்தம் ஆறு வேட்டிகள். ஆறும் காலஞ்சென்ற கணவனுடையவை. "மனுசன் உடுத்தேக்கை இல்லாத மரியாதை இப்பதான் உதுகளுக்கு வந்திருக்கு" என்பாள். கணவனைப் பற்றி அவள் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைகள் கொஞ்சம்தான். இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

வீடு அவளுடையதல்ல. கனடாவில் இருக்கும் பிரகலாதன் கோப்பாயில் கட்டிய மாடிவீடு. எட்டு அறை, நாலு குளியலறை. மேல் மண்டபத்தில் வடக்கையும் கிழக்கையும் பார்த்து ஆள் உயரத்துக்கு மேலே கண்ணாடி, அதற்கு வெளியே விறாந்தை. திரைச்சீலை போட்டால் கண்ணாடியின் எடுப்புக் கெட்டுவிடும் என்று அதுவும் போடவில்லை. கட்டி முடித்த ஐந்து வருடத்தில் வீட்டுக்காரர்கள் இங்கே படுத்தெழும்பியது பதினெட்டு நாள்.

சின்னத்தங்கம் குசினியோடு ஒட்டிய பின்னறையில் இருக்கிறாள். தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாள். மகளும் மருமகனும் அதை விற்றுவிட்டு வவுனியாவில் இரண்டு அறை வாடகை வீட்டில் நெரிபடுகிறார்கள். இந்தப் பின்னறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. தூரத்து உறவு என்ற ஒரு நூலைப் பிடித்து வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளை இங்கே கொண்டுவந்து இருத்தியது பிரகலாதனின் தாய் சிவக்கொழுந்து. கனடாவுக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வைபரில் கோல் எடுத்து, "சின்னத்தங்கம், சாப்பிட்டியே?" என்று கேட்ட ஒரே ஆள் அந்த மனுசிதான்.

வாசல் கேற்றடியில் ஒரு கமரா இருக்கிறது. பிரகலாதன் அங்கிருந்து பார்ப்பான். சில வேளைகளில் அதற்குள்ளிருந்து பேசவும் செய்வான். முதல் தடவை, "அக்கா, அந்தக் குப்பையை எடுங்கோ" என்று கேற் பேசியபோது சின்னத்தங்கம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடியே விட்டாள். இப்போது பழகிவிட்டது. காலையில் முகம் கழுவி, தலையைச் சீப்பால் இழுத்து, கமராவுக்கு முன்னால் போய் நின்று, "எழும்பிட்டன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பாள். அங்கே அப்போது முதல் நாள் இரவு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சம்பளம் வாங்குகிறவள் காலையில் முகம் காட்ட வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து, மாரி மழை இன்னும் தொடங்காத இடைவெளியில் ஆறுமணிக் குருவிகள் வருகின்றன. புரட்டாதி இருபதுக்கும் ஐப்பசி பத்துக்கும் இடையில் என்று சின்னத்தங்கம் திகதி சொல்லுவாள். இந்தியாவிலிருந்து இரவோடு இரவாகக் கடல் தாண்டி, விடியப்புறம் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து சேரும்போது அவற்றுக்குச் சீவன் கொஞ்சம்தான் மிச்சம். பச்சை முதுகு, செட்டையில் நீலம், வயிற்றடியில் செம்பருத்திச் சிவப்பு, கண்ணில் மை தீட்டிய கறுப்புக் கோடு. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சீழ்க்கை அடிக்கும் என்பதால் இந்தப் பெயர். சித்திரை வரை இங்கே தங்கி, சருகு கிளறிப் புழு தின்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

இவ்வளவு தூரம் வந்த குருவி, கோப்பாயில் ஒரு கண்ணாடியில் மோதிச் சாகிறது. மேல் மண்டபத்து விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும், ஆள் இருக்கிற வீடு என்று கள்ளனுக்குத் தெரிய வேண்டும் என்பது பிரகலாதனின் கட்டளை. களைத்த குருவிகள் வெளிச்சத்தைத் தேடி இறங்குகின்றன. விடிந்த பிறகு வருகிறவற்றுக்குக் கண்ணாடிக்குள் மாமரம் தெரிகிறது. அவ்வளவு தெளிவாகத் தெரியக் காரணம் சின்னத்தங்கம்தான். பழைய பேப்பரை நனைத்து நாளும் பொழுதும் தேய்த்துத் துடைப்பவள் அவள்தானே! "நான் வடிவாய்த் துடைக்கத் துடைக்க உதுகள் சாகுதுகள்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு அழுதாள்.

முதல் வருடம் ஒன்பது செத்தன. அதில் ஒன்றைத் தானே கொன்றதாகச் சொல்லுவாள். "பாவம், விடாய்ச்சுப்போய்க் கிடக்கெண்டு சொண்டுக்குள்ளை தண்ணி விட்டன். அது மூச்சுக்குள்ளை போட்டுது." அதற்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதில்லை. விழுந்ததை எடுத்துச் சுளகில் வைத்துப் பனையோலைக் கடகத்தால் மூடிவிடுவாள். இருட்டில் இரண்டு மணித்தியாலம் கிடந்து சிலது தெளியும். தெளிந்ததைக் கிளுவை வேலிக்கடியில் விட்டு, "கண்ணைத் திறந்துகொண்டு போ" என்று ஏசி அனுப்புவாள். தெளியாதது வாழையடிக்குப் போகும்.

விளக்கை நிற்பாட்டலாமா என்று கேட்டுப் பார்த்தாள். "கள்ளன் வந்தால் குருவியே அக்கா கத்தும்?" என்றான் பிரகலாதன். கண்ணாடியைத் துடையாமல் விட்டாள். வைபரில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்ன அன்று பிடிபட்டாள். பிறகு பின்னேரங்களில் தன் பழைய சேலைகளைக் கண்ணாடிக்குக் குறுக்கே கட்டினாள். மோதுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இருட்டில் நிறம் தெரியாது, வெள்ளை தெரியும் என்று இந்த வருடம் அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். பெட்டியைத் திறந்து வேட்டிகளை எடுத்தாள். மூன்று விடியல்களில் ஒரு குருவிகூட மோதவில்லை. அந்த மூன்று நாளும் அவள் நடையே வேறு.

நாலாம் நாள் அவள் ஏணியில் நின்று முடிந்துகொண்டிருந்த அதே பின்னேரம், பஞ்சலிங்கம் சைக்கிளில் அந்த வீதியால் வந்தார். பிரகலாதனின் தகப்பனோடு ஒன்றாக வேலை பார்த்த மனிதர். மாடியின் இரண்டு பக்கமும் வெள்ளை கட்டியிருப்பதைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தினார். செத்தவீட்டுக்குத்தான் இப்படி வெள்ளை கட்டுவது. சிவக்கொழுந்து கனடாவில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடப்பது ஊருக்கே தெரியும். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். செத்தவீட்டுக்குள் கால் வைத்தால் திரும்ப முழுக வேண்டும். ஆகவே வாசலில் நின்றே தலையைக் குனிந்துவிட்டு, பூசைக்குப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து கனடாவுக்கு எடுத்துத் துக்கம் விசாரித்தார்.

பிரகலாதன் அப்போது வேலையில் இருந்தான். தான் இல்லாத நேரத்தில் தாய் போய்விட்டாள், ஊருக்குச் சொன்னவர்கள் தனக்குச் சொல்லவில்லை என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தாய்க்கு மூச்சு இருந்தது. கட்டில் அருகில் நின்றே சின்னத்தங்கத்துக்கு எடுத்தான்.

"அக்கா, அம்மா இன்னும் சாகேல்லை."

"ஐயோ தம்பி, ஆர் அப்பிடிச் சொன்னது?"

"நீங்கள்தான் ஊருக்கே சொல்லியிருக்கிறியள். உயிரோடை கிடக்கிற மனுசிக்கு வெள்ளை கட்டிப்போட்டீங்களே!"

"அது குருவிக்குத் தம்பி..."

"குருவிக்கு ஆரும் வெள்ளை கட்டுறவையோ?" கொஞ்ச நேரம் அழுதான். பிறகு சொன்னான்: "இனி உந்தக் கண்ணாடியிலை ஒரு துணி கண்டனெண்டால், நான் வேறை ஆளைப் பாப்பன் அக்கா. கோவிக்காதேங்கோ."

அவளால் கோபிக்க முடியவில்லை. தாயைப் பறிகொடுக்கப் போகிறவனிடம் குருவியைப் பற்றி என்னத்தைக் கதைப்பது? அந்த இருட்டிலேயே ஏணியில் ஏறி ஆறு வேட்டிகளையும் அவிழ்த்தாள். மடிக்கக்கூட மனம் வரவில்லை. சாமி அறையில் விளக்கேற்றி, "என்ரை கை பட்டு மனுசிக்கு ஒண்டும் வரக்கூடாது" என்று திரும்பத் திரும்பக் கும்பிட்டாள். உண்மையாகவே பயந்து போயிருந்தாள்.

விடிந்தபோது மேல் விறாந்தையில் மூன்று கிடந்தன. மூன்றும் விறைத்துவிட்டன. கடகத்துக்கு வேலையே இல்லை. மத்தியானம் நல்லூரிலிருந்து பிரகலாதன் அனுப்பிய ஒருவர் வந்து, மேல்மாடியைப் பார்த்தபடி இன்னொரு கமரா பூட்டிவிட்டுப் போனார். குருவிகள் வந்து முடியும் ஐப்பசி பத்துக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. சின்னத்தங்கம் அன்று முழுக்கச் சமைக்கவில்லை. பின்னறை வாசலில் இருந்து தன் பெட்டியையும் பாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வவுனியாவில் மகளுக்கு எடுத்தாள். "என்னம்மா, ஏதும் பிரச்சினையே?" என்று மகள் கேட்டதும், "ஒண்டுமில்லை, சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் விடியப்புறம், கிழக்கு வெளுக்க முன்னம், அவள் மேல் விறாந்தைக்கு ஏறி வந்தாள். துணி கட்டக் கூடாது என்றுதானே சொன்னான், ஆள் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே. வடக்குக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்று, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். புதுக் கமராவின் சின்னச் சிவப்பு வெளிச்சம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இரண்டு பக்கம், ஆள் ஒன்று. வடக்காலேதான் குருவிகள் கூடுதலாக வரும் என்று கணித்து இந்தப் பக்கத்தை எடுத்திருந்தாள். அரை மணித்தியாலத்தில் தோள்மூட்டு எரியத் தொடங்கியது. ஒரு குருவி அவளுக்கு முன்னால் வந்து சட்டென்று விலகி மாமரத்துக்குள் போனது. கைகள் தாமாகவே மெல்ல இறங்கின.

அப்போது கிழக்குப் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் கண்ணை இறுக்கி மூடினாள். ஒரு கால் அந்தப் பக்கம் நகர்ந்தது, பிறகு திரும்பி வந்தது. இறங்கியிருந்த கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, தலைப்பை முன்னையிலும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.