ஏர்னஸ்ட் போட்டுவிட்ட சங்கிலி

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி தாண்டி, மனுரேவாவில் உள்ள பண்டகசாலையில் பகல் வேலைக்காரர்கள் கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஏர்னஸ்டின் தொலைபேசி அடித்தது. டெஸ்மன். தம்பி முறையான அவன் புக்கெகோஹியில் காய்கறி பொதி செய்யும் இடத்து இரைச்சலுக்குள் நாள் முழுதும் நிற்பவன். கதைக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகுதான் எடுப்பான்.

"அண்ணை, முடிவு வந்திட்டுது. பெடியன இந்த சீசன் முழுக்க விளையாட விடமாட்டினமாம்."

ஏர்னஸ்ட் ஃபோர்க்லிஃப்ட்டின் இருக்கையிலேயே இருந்தார். "அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமையும் இல்லை, பிறகும் இல்லை."

"இன்னுமொருக்கா அப்பீல் பண்ணலாமெல்லோ?"

"இதுதான் அண்ணை கடைசி அப்பீல்." பின்னால் காய்கறிகளைக் கொண்டுபோகும் பட்டிகள் ஓடும் சத்தம் கேட்டது. "சங்கிலியாலதானாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஏர்னஸ்ட் இறங்கி, வண்டியின் மின்கலத்தை வழக்கம் போல் சார்ஜில் போட்டார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதன் பக்கத்தில் நின்றார்.

பேசாலையில் பிறந்து புலம்பெயர்ந்து வந்தவர் ஏர்னஸ்ட். பக்குரங்காவில் அவரும் மனைவி பேர்ணடெட்டும் வீடு வாங்கியபோது, பின்வேலிக்கு அப்பால் ஒரு கல்லூரியின் உதைபந்தாட்ட மைதானம் இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே பந்து வேலி தாண்டி வந்து பேர்ணடெட்டின் கறிவேப்பிலைச் செடியை முறித்தது. பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போன ஏர்னஸ்ட் ஆட்டம் முடியும்வரை திரும்பவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனார். ஒரு நாள் கோட்டு நடுவராக நிற்க யாரும் இல்லையென்று கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொடியை அவரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்லூரி அணியின் பெற்றோர்கள் ஐந்தாறு வருடத்துக்கொருமுறை மாறிப் போவார்கள். ஏர்னஸ்ட் மட்டும் நிற்பார். புதிதாக வருகிற ஒவ்வொரு தகப்பனும் மழைக்கோட்டின் தொப்பிக்குள்ளிருந்து அதே கேள்வியைத்தான் கேட்பான்: இதில் உங்களுடைய பிள்ளை யார்? "எல்லாரும் என்ர பெடியள்தான்," என்று ஏர்னஸ்ட் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார். கேட்டவனும் சிரிப்பான். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளி நிற்பான்.

டெஸ்மனின் மகன் ஷெல்டனுக்கு ஞானஸ்நானத்தில் ஏர்னஸ்ட்தான் ஞானத்தகப்பன். தண்ணீர் ஊற்றும்போது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர். அந்தப் பெடியன் பந்தோடு ஓடுவதைப் புக்கெகோஹியில் ஒரு முறை பார்த்துவிட்டு வந்த இரவு, ஏர்னஸ்ட் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். "அவன் அங்க இருந்து வீணாப் போறான்," என்றார். "எங்கட டீமுக்குக் கோல் அடிக்க ஒரு ஒன்பதாம் நம்பர் இல்லை."

"உங்கட டீமோ?" என்று பேர்ணடெட் இருட்டுக்குள் கேட்டாள்.

கடைசி வருடப் படிப்புக்கு அவனை இந்தக் கல்லூரிக்கு மாற்றுவது பற்றிக் கதைக்கத்தான் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் டெஸ்மன் குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்தான். வார நாட்களில் பெடியன் ஏர்னஸ்ட் வீட்டிலேயே தங்கலாம், கல்லூரிக்கும் அதற்குச் சம்மதம். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஷெல்டனின் ஆட்டங்களின் காணொளிகளைக் கேட்டு எழுதியிருந்தார். நல்ல அணியில் ஒரு சீசன் ஆடினால் புலமைப்பரிசில் கிடைக்கும். எல்லாம் சரிதான். ஆனால் தாய் பிரியந்திக்கு மனமில்லை. நண்டுக்கால்களைச் சாப்பாட்டுக் கோப்பையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வருஷம் அண்ணை. அவன் என்னோட இருக்கட்டுமே," என்றாள்.

ஏர்னஸ்ட் எழுந்து அறைக்குள் போய், சிவப்பு நகைப்பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே இரண்டு பவுணில் சங்கிலி, அதில் ஒரு சிலுவை.

பேர்ணடெட் கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இஞ்சருங்கோ, அது மே மாசத்துக்கெல்லோ வாங்கினது."

வளர்ந்த பிள்ளைக்குக் கோயிலில் நடக்கும் உறுதிப்பூசுதல் சடங்கில் ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசி முடிந்ததும், ஞானத்தகப்பன் பிள்ளையின் கழுத்தில் சங்கிலி போடுவது அவர்கள் வழக்கம். இடம் மாறி மாறி இருந்ததில் ஷெல்டனுக்கு அது பல வருடம் தள்ளிப்போய், ஒருவாறு மே மாதத்தில் வைத்திருந்தது. பவுண் விலை ஏறும் என்று ஏர்னஸ்ட் முன்கூட்டியே வாங்கியிருந்தார். சிலுவையின் பின்பக்கத்தில் நகைக்கடைக்காரர் ஷெல்டனின் பெயரை வெட்டி, கீழே இடம் விட்டிருந்தார். பூசுதல் முடிந்ததும் கொண்டு வாருங்கள், திகதியை வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"எப்ப போட்டா என்ன? என்ர பிள்ளைதானே," என்று சொல்லி ஏர்னஸ்ட் அதை ஷெல்டனின் கழுத்தில் மாட்டினார். பெடியன் கூச்சத்தோடு சிரித்தான். டெஸ்மன் எழுந்து வந்து ஏர்னஸ்டைக் கட்டிப்பிடித்தான். பிரியந்தி சங்கிலியைப் பார்த்தாள், பிறகு கோப்பையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கல்லூரி மாற்றம் அந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது.

சீசன் தொடங்கியது. நகை அணிந்து ஆடக்கூடாது என்று முதல் ஆட்டத்திலேயே நடுவர் சொல்ல, ஷெல்டன் ஓடி வந்து சங்கிலியைக் கழற்றி ஏர்னஸ்டின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான். ஏர்னஸ்ட் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அன்று பெடியன் இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்து சேறும் வியர்வையுமாக வந்தவனை நிறுத்தி, மைதானத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, சங்கிலியைக் கழுத்தில் போட்டு நெற்றியில் முத்தமிட்டார். அன்று ஒரு புதுத் தகப்பன் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "ஒன்பதாம் நம்பர்," என்றார் ஏர்னஸ்ட். அந்த இரண்டு சொல்லையும் நிதானமாகச் சொன்னார்.

எதிரணி ஆதரவாளர் ஒருவர் அதைக் காணொளியாக எடுத்திருந்தார். அவர்களுடைய இணையப் பக்கத்தில் அது வந்தது: வென்றதும் தங்கச் சங்கிலி போடும் கல்லூரி. மே மாதத்தில் பூசுதல் நடந்தபோது சங்கிலி ஏற்கெனவே பெடியனின் கழுத்தில் இருந்தது. ஜூன் மாதமளவில் பந்தைப் பற்றிக் கதைப்பவர்களைவிடச் சங்கிலியைப் பற்றிக் கதைப்பவர்கள் கூடிவிட்டார்கள்.

கோல்காப்பாளனின் தாய் சுகந்தினிதான் முதலில் நேரே கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பெண், வாய் சும்மா இருக்காது. "ஏர்னஸ்ட் அண்ணை, என்ர மோன் ஒரு கோல் தடுத்தா ஒரு மோதிரமாவது போடுவீங்களோ? சின்னனாப் போதும்."

கோட்டோரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏர்னஸ்டும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, மேடம். வீடியோ எங்கெங்கியோ போயிருச்சு," என்றார் வரதராஜன். மதுரைக்காரர், கணக்காளர், மகன் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன். "போன வருஷம் ஒரு டீம்ல பையனுக்குக் கார் வாங்கிக் குடுத்தாங்க, அவங்கப்பாவுக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க. யாராவது கேட்டாங்களா?"

"கேட்டிருப்பினம். வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, கார் லோனுக்கு எடுத்தது எண்டு சொல்லியிருப்பினம். சொல்லத் தெரிஞ்ச ஆக்கள்," என்றாள் சுகந்தினி.

கூரை வேலை செய்யும் வெள்ளைக்காரத் தகப்பன் ஒருவர், சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாம், பயணச் செலவு கொடுக்கலாம், தங்கம் கொடுத்தால் அது வேறு கதை என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் வேறு என்று வரதராஜன் கேட்டதற்கு, சப்பாத்து தேயும், தங்கம் தேயாது என்றார். பலர் தலையாட்டினார்கள்.

"எங்க ஊர்ல காது குத்துக்கே தாய்மாமன் செயின் போடுவாரு. இதை இவங்ககிட்ட யார் பேசிப் புரியவைக்கிறது?" வரதராஜன் ஏர்னஸ்ட் பக்கம் திரும்பினார். "நீங்க சர்ச்ல அந்தச் சடங்குக்குத்தானே சார் போட்டீங்க?"

"ஓம், பூசுதலுக்குப் போட்டது," என்றார் ஏர்னஸ்ட்.

"அப்புறம் என்ன? ஃபாதர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டா முடிஞ்சுது."

ஏர்னஸ்ட் கொடியை எடுத்துக்கொண்டு கோட்டின் மறுமுனைக்கு நடந்தார். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

பரிசு காட்டி ஆட்டக்காரனை இழுத்ததாக முறைப்பாடு வந்தது. கல்லூரிகளின் விளையாட்டை நடத்தும் அலுவலகம் ஷெல்டனைத் தடைசெய்தது. மேல்முறையீட்டு விசாரணைக்கு ஏர்னஸ்டையும் கூப்பிட்டார்கள். முதல்நாள் இரவு டெஸ்மன் பக்குரங்காவுக்கே வந்துவிட்டான்.

"மேயில போட்டனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. ஒரு வசனம்தானே."

"வீடியோ மார்ச் மாசத்துது, டெஸ்மன்."

"அப்ப அது வேற சங்கிலி எண்டு சொல்லுங்கோ!"

பேர்ணடெட் தேநீரை வைத்துவிட்டு நின்றாள். பெப்ரவரியில் தான் சொன்னதை அவள் ஒருபோதும் எடுத்துச் சொல்லிக்காட்டவில்லை. இப்போதும் சொல்லவில்லை. "அவை கேட்டா உள்ளதச் சொல்லுங்கோ," என்றாள். "பொய் சொன்னா உங்கட முகத்திலயே தெரியும். பிறகு பெடியனுக்குத்தான் இன்னும் கெடுதல்."

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மரியாதையாகவே கேட்டார்கள். பங்குத்தந்தையின் கடிதத்தை வாசித்தார்கள். உறுதிப்பூசுதலில் ஞானத்தகப்பன் நகை கொடுப்பது இந்த மக்களின் வழக்கம் என்று அதில் எழுதியிருந்தது. நடுவில் இருந்த பெண்மணி சங்கிலியைக் கேட்டு வாங்கினார். சிலுவையைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பெயர் இருக்கிறது, திகதி இல்லையே என்றார்.

பிறகு, எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"பெப்ரவரியில்."

அப்போது பையன் இந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தானா?

"இல்லை."

அந்தச் சங்கிலி கொடுக்காவிட்டாலும் அவன் வந்திருப்பானா?

ஏர்னஸ்டுக்குப் பிரியந்தியின் கோப்பை ஞாபகம் வந்தது, தள்ளித் தள்ளி ஒதுக்கிய நண்டுக்கால்கள். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார். "எனக்குத் தெரியாது," என்றுதான் வந்தது. அந்தப் பெண்மணி குனிந்து எழுதினார். பக்கத்தில் இருந்த டெஸ்மன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். முடிவு வந்த வியாழன்வரை அவர்கள் இருவரும் கதைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஷெல்டன் தன் சாமான்களை எடுக்க வந்தான். டெஸ்மன் காரைவிட்டு இறங்கவில்லை. பெடியன் சப்பாத்துகளையும் புத்தகங்களையும் பையில் திணித்தான். பேர்ணடெட் பொரித்துக் கொடுத்த ரோல்ஸை மறுக்காமல் வாங்கிக்கொண்டான். கடைசியில் கழுத்தில் கைவைத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அது உன்ர," என்றார் ஏர்னஸ்ட். "பூசுதலுக்கு உனக்குப் போட்டது. நீ வச்சிரு."

தமிழில் கேட்டால் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெடியன். அன்று தமிழில், சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டான். "உண்மையா எதுக்குப் போட்டனீங்க, பெரியப்பா? எனக்கா? டீமுக்கா?"

உனக்குமில்லை, டீமுக்குமில்லை, எனக்கு என்பதுதான் பதில் என்று ஏர்னஸ்டுக்குத் தெரிந்தது. பதினேழு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் காட்ட ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? அவர் பேசாமல் நின்றதைப் பெடியன் தன் பாட்டில் விளங்கிக்கொண்டான். "இட்ஸ் ஓகே," என்று சொல்லிப் பையைத் தோளில் போட்டான். வெளியே கார் ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகியிருந்தது.

அமெரிக்காவிலிருந்து இரண்டு வாரத்துக்கு மின்னஞ்சல் வந்தது, பிறகு நின்றது. அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஷெல்டன் வருட முடிவுவரை படிக்கவில்லை. இப்போது தகப்பனுக்குப் பக்கத்துப் பட்டியில் நின்று வெங்காயம் தரம் பிரிக்கிறான், நல்ல வேலைக்காரன் என்று பெயர். பந்து விளையாடுவதில்லை. கிறிஸ்மஸுக்கு ஏர்னஸ்ட் வீட்டுக்கு அவர்கள் வரவில்லை. பேர்ணடெட் செய்த பலகாரம் மூடிய பெட்டியிலேயே இருந்தது. பூசையில் கண்டால் பிரியந்தி தலையை ஆட்டுவாள். டெஸ்மன் வாகனத் தரிப்பிடத்திலேயே நின்றுவிடுவான்.

அணி அந்த வருடம் காலிறுதியில் தோற்றது. காருக்காகப் பேசப்பட்ட கல்லூரிதான் கிண்ணத்தை எடுத்தது. "கார் குடுத்தவன்லாம் தப்பிச்சுட்டான் சார், செயின் குடுத்த நீங்க மாட்டிக்கிட்டீங்க," என்று வரதராஜன் வேலிக்கு மேலால் சொன்னார். கொடி இப்போது அவரிடம். ஏர்னஸ்ட் போகும்படி யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் போவதை நிறுத்தினார். சனிக்கிழமைகளில் விசில் சத்தம் சமையலறைவரை வரும். பேர்ணடெட் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். சில நாட்களில் பந்து இன்னும் வேலி தாண்டி வந்து விழும். பேர்ணடெட்தான் போய் எறிவாள்.

நகைக்கடைக்காரர் ஒரு முறை கோயில் வாசலில் ஏர்னஸ்டைக் கண்டு, அந்தச் சிலுவையை ஏன் திரும்பக் கொண்டு வரவில்லை என்று கேட்டார். வாறன் என்றார் ஏர்னஸ்ட். சங்கிலி சிவப்புப் பெட்டியில், அலுமாரியில் பேர்ணடெட்டின் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. சிலுவையின் பின்பக்கத்தில் ஷெல்டனின் பெயர் இருக்கிறது. அதன் கீழே திகதி வெட்டவில்லை.