பாட்டில்லாத ஆட்டமும் மைக் பிடித்தவரும்

இன்று சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் நவீன நடனம் பார்த்தேன். ஆடியது எங்கள் தெருப் பெண் பிரியா. நாமக்கல்லில் லாரி டயர் விற்கும் எனக்கு நடனம் பற்றி ஒன்றும் தெரியாது. கூப்பிட்டாள், போனேன்.

பாட்டு இல்லை, சலங்கை இல்லை. முதலில் கொட்டாவிதான் வந்தது.

பிறகு அவள் விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். ஒவ்வொரு முறையும் எழுவதற்கு இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டாள். அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளோடு சேர்ந்து எழுவதற்கு என் கால்களும் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். ஆட்டம் முழுக்க முன்வரிசையில் போனில் பேசிக்கொண்டிருந்தவர்.

“நல்ல எக்சர்சைஸுங்க. அடுத்த வாட்டி நல்ல பாட்டாப் போட்டு ஆடு சாமி.”

அரங்கமே சிரித்தது. வியர்வை வழிய அவள் மேடையிலேயே நின்றிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து கத்தினேன். “ஏனுங்க, நீங்க எங்க பாத்தீங்க? போன்ல பேசிக்கிட்டுத்தான இருந்தீங்க?”

ஒரே கூச்சல். நிகழ்ச்சியை அதோடு முடித்துவிட்டார்கள்.

வாசலில் பிரியா வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஏனுங்ணா, மைக்க வாங்கி நானே பதில் சொல்லலாம்னு கைய நீட்டுனேன். அதுக்குள்ள கெடுத்துப்போட்டீங்க.”

அந்த விருந்தினர் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பஸ் ஏறியதிலிருந்து என் மேலும் வருகிறது.

இன்று அவளைப் பேசவிடாமல் செய்த ஆண்கள் இரண்டு பேர். விருந்தினருக்கு முதலிலேயே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். எனக்கு எதைப் போர்த்தலாம், சொல்லுங்கள்.