செம்பனைக்குள் கூவிய சேவல்

எனக்குக் காட்டுச்சேவலைப் போலக் கூவத் தெரியும். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுத முடியாத திறமை. முதலில் தொடையில் நாலு தட்டு, சேவல் இறக்கையடிப்பது போல. பிறகு கூவல். வீட்டுச்சேவல் கடைசி இழுவையை ஊருக்கே கேட்க நீட்டும். காட்டுச்சேவல் அதைப் பாதியிலேயே விழுங்கிவிடும். அந்த விழுங்கலைச் சரியாகச் செய்ய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. சுங்கை பினாங்கில் என் பிளாட்டின் குளியலறையில்தான் பயிற்சி. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி, யாரோ சட்டவிரோதமாகக் கோழி வளர்க்கிறார்கள் என்று நிர்வாகத்தில் புகார் கொடுத்துவிட்டார். சோதனைக்கு வந்தவர்களோடு சேர்ந்து நானும் கோழியைத் தேடினேன்.

கூவுவது நான், சுடுவது அவர். அவர் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், எங்கள் தீவுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் வீடு. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதற்கான லைசென்ஸும் அவருடையவை. ஒவ்வொரு பருவத்துக்கும் வேட்டை அனுமதியையும் ஒழுங்காக எடுத்துவிடுவார். ஞாயிறு விடியுமுன்னே நான் கடல் பாலம் தாண்டிப் போவேன். அவர் வீட்டு கேட்டருகே தயாராக நிற்பார். அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அதன் நடுவே லாரிகள் போகும் செம்மண் சாலை. தோட்டத்து மேலாளரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம்.

சாலையோரத்துச் சேவல்கள் படித்த சேவல்கள். லாரி, மோட்டார் சைக்கிள், எங்களைப் போன்ற கிறுக்கர்கள் எல்லாரையும் கேட்டுப் பழகியவை. ஒரே இடத்தில் நின்று இரண்டு முறை கூவினால் சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். அதனால் ஒரு முறை கூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வந்தால் திசையைக் குறித்துக்கொண்டு, சாலையிலேயே நூறடி தள்ளிப் போய் இன்னொரு முறை. இரண்டு திசையும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே சேவல். அதற்குப் பிறகுதான் அண்ணன் தோட்டாவைப் போடுவார். பறவை இருப்பது உறுதியாகாமல் துப்பாக்கியில் தோட்டா ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். வருஷத்தில் நாலைந்து பறவை கிடைத்தாலே பெரிது. என் மனைவி இறந்து, மகளும் மெல்போர்னுக்குப் போன பிறகு, வாரத்தில் நான் மனிதனாக இருந்தது அந்த ஒரு காலையில்தான். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு மூன்று வாரமாக ஒரு சேவலும் பதில் சொல்லவில்லை. நாலாவது ஞாயிறும் அப்படியே. அண்ணன் சாலையில் முகம் தொங்கி நின்றார். நான் ஒன்றுக்குப் போகச் செம்பனைக்குள் நுழைந்தேன். வெட்டிப் போட்ட மட்டைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அதன் பின்னால் நின்று பார்த்தால், மரங்களுக்கு நடுவே அவர் தெரிந்தார். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. தொடையைத் தட்டிக் கூவினேன்.

அவர் தலை நிமிர்ந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் எங்கே என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். காணோம் என்றதும் தனியாகவே குனிந்து நடக்க ஆரம்பித்தார். நான் நாலெட்டுத் தள்ளிப் போய் இன்னொரு முறை கூவினேன். இரண்டு திசை கிடைத்துவிட்டதல்லவா, அவர் சட்டப்படியே நின்று தோட்டா போட்டார். குழல் மூடும் 'டக்' சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் மாற்ற முடியவில்லை. கேட்டது, கேட்ட பிறகும் மூன்றாவது முறை கூவினேன். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மட்டை அசைந்திருக்க வேண்டும்.

"அண்ணே, நான்தான்" என்று எழுந்து நின்றபோது குழல் என் நெஞ்சுக்கு நேராக, பத்தடியில் இருந்தது.

அவர் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி, திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்தார். ஒன்று கீழே விழுந்தது. அதைத் தேடி எடுக்காமலேயே காருக்கு நடந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நான் ஏதோ உளறிக்கொண்டே பின்னால் போனேன்.  காரில் பாதி வழி வந்ததும் சாலையைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்.

"நான் ஜெயிலுக்குப் போறது பெரிசில்ல தம்பி. உன் மகளுக்கு யாரு போன் போட்டுச் சொல்றது?"

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தமாஷ்கூடப் புரியாதா, இப்படியா மூஞ்சியைத் தூக்குவது என்று கத்திவிட்டேன். விளையாட்டு வினையாகும் என்பது பள்ளியில் படித்ததுதான். வினையான பிறகும் அதை விளையாட்டு என்றே சாதித்த புத்திசாலி நான். அடுத்த ஞாயிறு அவர் கேட்டருகே இல்லை. துப்பாக்கியையும் லைசென்ஸையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார் என்று பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. அவரே கூப்பிடட்டும் என்று நானும் இருந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிறு காலையை மட்டும் என்னால் விட முடியவில்லை. துப்பாக்கி இல்லாமல் வேட்டைக்குப் போகிற ஆள் இந்த மாநிலத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதே சாலையில் காரை நிறுத்தி, ஒரு முறை கூவிவிட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வாரம் முழுக்க வாய் திறந்து நான் எழுப்பிய பெரிய சத்தம் பல வாரங்களில் அது ஒன்றுதான். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் அதைத் தேடிப் போக எனக்கு ஆள் இல்லை.

போன வருஷக் கடைசியில் பதில் வர ஆரம்பித்தது. அந்த மட்டைக் குவியல் இருந்த பக்கத்திலிருந்து. அடுத்த ஞாயிறும் அங்கிருந்தே வந்தது. மூன்றாவது வாரம் சட்டத்தை மீறி ஒரே இடத்தில் நின்று இரண்டு முறை கூவினேன். இரண்டுக்கும் பதில் வந்தது. அன்று வீடு திரும்பியும் அதே யோசனை. நிஜச் சேவல் ஒரே இடத்தில் நிற்காது, சந்தேகப்படாமலும் இருக்காது. அப்படியென்றால் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதன். அந்த இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பதில் கூவ உலகத்தில் ஒரே ஒரு மனிதனுக்குத்தான் காரணம் இருந்தது. என்னைக் கேட்டுக் கேட்டே கூவப் பழகியிருப்பார், நான் செய்ததை எனக்கே திருப்பிச் செய்கிறார். வாய் விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்துவிட்டது.

நாலாவது வாரம் சனிக்கிழமையே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய் நாசி கண்டார் சோறு இரண்டு பொட்டலம் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்தேன். அவருக்கு வெண்டைக்காயும் கோழிக் குழம்பும் அதிகமாக. விடியற்காலையில் சூடாக்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதைப் பாலத்தின் மேல் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சாலையில் நின்று கூவினேன். பதில் வந்தது. பொட்டலங்களோடு உள்ளே நடந்தேன்.

ஒரு செம்பனையின் அடிமரத்தில், பிளாஸ்டிக் பை சுற்றிய சின்ன ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அதன் முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய வலை. யாரோ சேவல் பிடிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது கூவியது. நான் எதுவும் கூவவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூவியது. சில நிமிஷத்துக்கு ஒரு முறை அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கூவிய பிறகு விழுந்ததையெல்லாம் எனக்கான பதில் என்று கணக்கு வைத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு ஸ்பீக்கரோடு ஒரு மாதம் பேசியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அண்ணன் இங்கே இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

நேராக அவர் வீட்டுக்கே காரை விட்டேன். அவர் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வந்து கேட்டைத் திறந்தார், ஆனால் வழியை விட்டு நகரவில்லை. பாலத்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அண்ணே, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"உன் மேல கோபமெல்லாம் எனக்கு முதல் வாரமே போயிருச்சுப்பா" என்றார்.

பிறகு ஏன் இரண்டு வருஷம் என்று கேட்டேன். அவர் பூச்செடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அன்னிக்கு நான் விசைய அமுக்க ஆரம்பிச்சுட்டேன் தம்பி. பாதி அமுக்கினப்பதான் நீ எழுந்த. அது உனக்குத் தெரியாது. இப்ப உன்னப் பாத்தாலும் எனக்கு நீ கீழ விழுந்து கெடக்கிற மாதிரிதான் தெரியுது. மகன் கல்யாணத்துக்கு உனக்குக் கார்டு எழுதிட்டு அனுப்பாம வச்சுட்டேன். நீ நல்லா இரு. வீட்டுக்கு மட்டும் வராத."

கோபக்காரனிடம் மன்னிப்புக் கேட்கலாம், காலில்கூட விழலாம். கோபமே இல்லாத மனிதனிடம் கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. அவருக்கான பொட்டலத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நீ சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அவர் வீட்டுக்கு எதிரே சாலை வளைவு, காரைப் பின்னால் எடுப்பது எப்போதும் சிரமம். நான் திணறுவதைப் பார்த்துப் பொட்டலத்தை வாசல் கேட் தூண் மேல் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் நடுச்சாலைக்கு வந்து நின்றார். வந்த ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார். இடது, இன்னும் இடது, போதும் என்று கையாலேயே சொன்னார். நான் காரை நேராக்கியதும் ஒரு முறை ஹாரன் அடித்தேன். கையை மட்டும் தூக்கினார், முகத்தை லாரிப் பக்கமே வைத்துக்கொண்டு.