பிள்ளையார் கழுத்துப் புல்

தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு மிக்சியை ஓட்டி எதிர் வீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தவன் நான். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. முன்னால் உட்கார மாணவர்கள் இல்லாமல் போனதும் வீட்டில் இருந்த ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவியை.

நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக் கால் மணி நேரம் கொப்பளித்து, வெள்ளையாக நுரைத்ததை வாஷ்பேசினில் துப்புவேன். அவள் பல் தேய்க்க வரும்போது அது இன்னும் வழிந்துகொண்டிருக்கும். பிறகு வேப்பங்கொழுந்து உருண்டை. அதற்குப் பிறகு அருகம்புல் சாறு. எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று அந்த நாட்களில் நான் சொன்ன அளவுக்குச் சுவாமி பெயரைக்கூடச் சொன்னதில்லை.

நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்போது பூங்கா வாசலில் அருகம்புல் சாறு வாங்கிக் குடித்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எங்கே பறித்ததோ, எந்த நாய் காலைத் தூக்கியதோ. நான் அதைவிடப் புத்திசாலி. எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில், முந்தின நாள் சாத்திய அருகம்புல் மாலைகளைக் குருக்கள் காலையில் களைந்து ஒரு கூடையில் போடுவார். அதைக் கேட்டு வாங்கி வந்துவிடுவேன். சுவாமி மேல் கிடந்த புல்லில் அசுத்தம் எப்படி இருக்கும்? இப்படி நினைத்தவன், பாக்டீரியா பாடத்தை முப்பது வருடம் வகுப்பில் நடத்தியவன்.

வாழை நாரைப் பிரிக்கும்போதே விரல் பிசுபிசுக்கும். அபிஷேகப் பால் புளித்த வாடை, எண்ணெய்ச் சிக்கு, குழைந்த விபூதி, நடுவில் அழுகத் தொடங்கிய புல்லின் வெதுவெதுப்பு. ஒரு நாள் கரப்பான் பூச்சியின் கால் ஒன்று கிடைத்தது. மீதி எங்கே என்று நான் தேடவில்லை. ஒரே ஒரு அலசு அலசி ஜாரில் திணித்துவிடுவேன். அதிகம் கழுவினால் சத்துப் போய்விடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டினால் பச்சையாக, மேலே நுரை கட்டி, ஆளுக்கு ஒரு டம்ளர் நிற்கும்.

"ஏன்னா, குளத்துப் பாசி மாதிரி நார்றது."

"பிரசாதத்தைப் போய் நார்றதுங்கறியே."

"பிரசாதம்னா கொழுக்கட்டை கொண்டு வாங்கோ. புல்லை மாட்டுக்குப் போடுங்கோ. நேக்கு இன்னும் கொம்பு முளைக்கலை."

சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவாள். டம்ளர் காலியாகும்வரை நான் பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் எதிரில் நிற்பேன். வேறு என்ன செய்வாள்?

ஒரு மழைக்காலத்தின் முடிவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பிலிருக்கும் கழிவெல்லாம் வெளியே போகிறது, நல்லதுதான் என்று விளக்கினேன். மூன்று வேளை நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன். காலையில் மட்டும் இருந்த சாற்றை மாலையிலும் கொடுத்தேன். நாலாம் நாள் அவள் நாக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாலையில் அவளிடம் பாட்டுக் கற்க வரும் பெண்களைத் திருப்பி அனுப்பினோம்.

"டாக்டர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வந்துடலாமே" என்றாள்.

"இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு நாள். உடம்பே பாத்துக்கும்."

என் பேச்சைக் கேட்காத காய்ச்சல் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவள் உயிர் பற்றிய பயம் வரவில்லை. இதை இப்போது எழுதும்போது பேனாவைப் பிடித்திருக்கும் கையே அருவருப்பாக இருக்கிறது.

ஆறாம் நாள், பழைய மாலையில் வீரியம் போதவில்லையோ என்ற சந்தேகத்தில், கோயில் வாசலில் மாலை கட்டும் பூக்காரியிடம் போனேன். பக்கத்தில் சாக்கு நிறையப் புல் இருந்தது.

"மாலை வேண்டாம்மா. புல்லாவே குடு. ஜூஸ் போடணும், ஆத்துல உடம்பு சரியில்லை."

அவள் நாரைக் கீழே போட்டாள். "ஜூஸா? இத்தயா? இன்னா சாமி, காலைலயே தமாஸ் பண்றே."

"ஏன், எங்கேர்ந்து வரது இது?"

"கால்வா ஓரந்தான். பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுக்கினு கீறாங்கள்ல, அங்க. எரும பொரள்ற எடம், அதான் தளதளன்னு கீது."

"கழுவித்தானே கட்டறே?"

"அந்தத் தண்ணிலயே ஒரு முக்கு. வாடாம இருக்கணுமே. கொயால வர்ற தண்ணிக்கே கொடத்தத் தூக்கிக்கினு அடிச்சிக்கிறோம், புல்லுக்கு எங்க ஊத்துறது? புள்ளையாருக்கு இன்னா, வாந்தி பேதியா வரப்போவுது?" அதற்குள் அவளுக்கு என் முகம் புரிந்துவிட்டது. "அய்ய... நெசமாவே குடிச்சிக்கினு இருந்தியா? எத்தினி நாளா? யாரும் குடிப்பாங்கன்னு எனக்கின்னா தெரியும் சாமி! சாமிக்குப் போடறதுன்னு தான கட்டறேன்!"

நான் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன். ஊரின் பாதிச் சாக்கடை சேர்கிற கால்வாய் அது. மூக்கைப் பொத்தாமல் அந்தப் பாலத்தை ஒரு நாளும் நான் கடந்ததில்லை. வழியில் வாந்தி எடுத்தேன். எனக்கு நேர்ந்தது அவ்வளவுதான். அதே சாற்றைக் குடித்த எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாரை வெந்நீர் விட்டு மூன்று முறை கழுவினேன். சாற்றை நிறுத்தினேன். உடனே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். போனால் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னும் மூன்று நாள் கஷாயம் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள், அடையாறில் இருந்த எங்கள் பெண் வந்தாள். அம்மாவைத் தொட்டுப் பார்த்ததுமே ஆட்டோ கூப்பிட்டாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். டைபாய்டு என்றார்கள்.

"வெளியில தண்ணி, ஜூஸ், பச்சையா ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். நான் சொன்னேன், தடங்கலே இல்லாமல்: "பொண்ணோட தி.நகர் போனப்போ ரோட்டோரத்துல கரும்பு ஜூஸ் குடிச்சிருக்கா, டாக்டர்."

அவள் குடித்தது உண்மைதான். உண்மையை வைத்துச் சொன்ன பொய் என்பதால் அது இன்னும் கேவலம். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். என் பெண்ணின் முகம் வெளுத்தது.

மறுநாள் மனைவிக்குக் குடலில் ரத்தம் கசிந்தது. இரண்டு நாள் டாக்டர் எந்த உறுதியும் தரவில்லை. வராந்தா பெஞ்சில் என் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான்தாம்ப்பா. அம்மா வேண்டாம்டின்னுதான் சொன்னா. வெயிலா இருக்கு, குடிம்மான்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

நான் அவள் தலையைத் தடவி, "ஆனது ஆச்சு, அழாதே. உன்மேல கோபமில்லை" என்றேன். அவளை மன்னித்தேன். இதைவிடக் கீழான காரியம் எதுவும் நான் செய்ததாக நினைவில்லை.

மனைவி பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது சீப்பு வைத்த இடமெல்லாம் முடி கையோடு வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் மறுபடி பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். மேல் ஸ்தாயிக்குப் போனால் மூச்சு வாங்கும், பாதியில் நிறுத்தி அந்தப் பெண்களையே பாடச் சொல்வாள். சாறு ஏன் நின்றது என்று கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து இதயக் கோளாறில் போனாள்.

போன மாதம் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. காபியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வைத்தியம் மாறியிருக்குமா?"

"மாறியிருக்காது. அதே மருந்துதான்."

"அப்ப எதுக்குப்பா என் தலையில போட்டே?"

"ஒரு புரொபசர் இப்படிப் பண்ணினாரான்னு அந்த டாக்டர் சிரிப்பாரேன்னு."

அவள் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கைப்பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். எங்கள் வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. அவள் இறங்கினாள்.