சமதரையில் அளக்க வேண்டிய குச்சி

என் மேசை இழுப்பறையில் படாக் மரத்தில் செதுக்கிய ஒரு குச்சி கிடக்கிறது. பதினாறு அங்குல நீளம், ஒரு விரல் அகலம். கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு கோடுகள். எல்லாம் நானே பேனாக்கத்தியால் கீறியவை. ஐந்தாவது கோடு மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும். அன்று கத்தி வழுக்கிவிட்டது. முகர்ந்தால் இன்னும் பெட்ரோல் வாசனை வருகிறது என்பேன். என் மகள் அதெல்லாம் இல்லை என்பாள். போர்ட் பிளேர் லம்பா லைனில் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு பழைய சாமான்களை மூன்று முறை கழித்துக் கட்டியாகிவிட்டது. மூன்று முறையும் இந்தக் குச்சியைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தமானில், ரங்கத்துக்கு வடக்கே இருபத்தேழு மைல் தள்ளி, காட்டை வெட்டிக் குடியேற்றியிருந்த ஒரு முகாமில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். ஆணி முதல் தார்ப்பாய் வரை எண்ணி வைப்பது என் வேலை. வேலைக்கு வெளியேயும் எண்ணுவேன். அது என் பிறவிக் குணம். முகாமுக்கு ஒரே ஒரு ஜீப். அதில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் இருபத்தாறு என்று முதல் வாரமே எண்ணிவிட்டேன். டிரைவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “இருபத்தேழு, பாபு. ஒண்ணு சேத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு” என்றார். படுத்துப் பார்த்தேன். இருந்தது.

அவர் போர்ட் பிளேரில் பிறந்தவர். அவருடைய தாத்தாவைக் கைதியாக மதுரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார்களாம். அவர் தமிழில் பாதி இந்தி இருக்கும். வண்டியைக் காடி என்பார், பெட்ரோலைத் தேல் என்பார், குமாஸ்தா எவனாக இருந்தாலும் பாபு. நான் அவரை டிரைவர் சாப் என்று அழைப்பேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். உப்புத் தண்ணீர் ஏறும் ஓடையைக் கடந்து வந்த நாளெல்லாம், சாப்பிடும் முன் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கை கழுவுவார். அச்சுப்பெட்டியின் திருகைக் கழற்றி எண்ணெயில் ஒரு விரலைத் தொட்டுப் பார்ப்பார். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மாற்றிவிடுவார்.

அந்த ஜீப்பின் பேட்டரி எப்போதும் பலவீனம். மாற்று பேட்டரி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதனால் ஷெட்டைச் சரிவான இடத்தில் கட்டி, வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைப்போம். கட்டையை எடுத்தால் உருளும்; உருளும்போதே கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வார். அந்தத் தீவுகளில் பாதி வண்டிகள் அப்படித்தான் நின்றன. பெட்ரோல் முள் நான் வருவதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அதற்குத்தான் இந்தக் குச்சி. டிரைவர் இருக்கையைத் தூக்கினால் அடியில் தொட்டி; அதன் முன்பக்க மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தால் எத்தனை கோடு வரை நனைந்திருக்கிறதோ அத்தனை. மோசமான பாதையில் ஒரு கோட்டுக்கு ஆறு மைல் ஓடும் என்று நான்தான் கணக்கிட்டுச் சொன்னேன்.

ஆனால் அவர் ஷெட்டில் வைத்து அளக்கவே மாட்டார். கட்டையை எடுத்து, வண்டியை ஐம்பது அடி உருட்டி, கிணற்றடியின் சமதரையில் நிறுத்திய பிறகுதான் குச்சியை விடுவார். காலையில் அவர் அந்தச் சடங்கை நடத்தும்போது நான் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பொருமுவேன். ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் வீண் என்று ஒருமுறை சொல்லியும் விட்டேன். அவர் நிதானமாக, “காடி நேரா நிக்கணும், பாபு. சாஞ்சு நின்னா தேல் ஒரு பக்கம் ஒதுங்கிரும், கோடு பொய் சொல்லும்” என்றார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த வித்தியாசம் ஒரு நூல் அளவுதான் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எண்ணிப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் எண்ணிய நான் அதை எண்ணவில்லை.

ஓர் ஆண்டு மழைக்காலத்தில் டிரைவருக்கு மலேரியா கண்டு நான்கு நாள் படுத்துவிட்டார். ஓவர்சியர் ஜீப்பை ஓட்டினார். மாலையில் ஷெட்டில் கொண்டுவந்து விடுவார். நான் அங்கேயே அளந்து எழுதினேன். நான்காம் நாள் மாலை எழுதியது ஆறு கோடு. அதே சமயம் என் மனைவிக்கு எட்டாம் மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மேல் அவளுக்கு ரத்தப்போக்கு கண்டது. பக்கத்து வீட்டில் குடியேறியிருந்த வங்காளி அம்மாள், நாங்கள் மாசி என்று அழைப்பவர், வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். ரங்கத் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ, இங்கே என்னால் ஆகாது என்றார்.

டிரைவர் காய்ச்சல் விட்டு அன்றுதான் எழுந்திருந்தார். கம்பளியைத் தோளில் போட்டபடியே வந்து, ஜீப்பின் பின்பக்கம் மெத்தையை விரித்தார். இருக்கையில் ஏறும்போது கேட்டார்: “எத்தனை, பாபு?”

“ஆறு.”

“ஒரு டின் கூட ஊத்திக்கலாமா?”

ஸ்டோரில் இருந்த பெட்ரோல் டிரம்மின் மூடியைப் பெரிய ஸ்பானர் வைத்துத் திறந்து, குழாய் போட்டு இறக்க இருபது நிமிடம் ஆகும். எனக்கு மணிக்கூண்டே தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. “ஆறு இருக்கு டிரைவர் சாப். முப்பத்தாறு மைல் ஓடும். ரோடு இருபத்தேழுதான். கெளம்புங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பின்னால் படுத்திருந்தவளைப் பார்த்தார், கட்டையை எடுக்கச் சொன்னார். அன்று கிணற்றடியில் நிற்கவில்லை.

பாதை முழுக்கச் சேறு. மரக்கட்டைகளைக் குறுக்கே அடுக்கிய இடங்களில் வண்டி தடதடக்கும். அங்கெல்லாம் அவர் நடை வேகத்துக்கு இறங்கிவிடுவார். முன் சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கும் லீவரைத் தள்ளியவர் பல மைல் எடுக்கவே இல்லை. ஓடையில் முட்டிக்கு மேல் தண்ணீர். விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடித்துவிடக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றித் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இறக்கினார். அக்கரையில் நின்று திரும்ப மாட்டிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினார். நான் மைல்கற்களை எண்ணினேன். கல் இல்லாத இடத்தில் பாலங்களை எண்ணினேன். மாசி என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “ஜல்தி, பாபு” என்றார், வண்டியை ஓட்டுவது நான் என்பதுபோல.

ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் மேல் இருந்தது. கூரை தெரிந்துவிட்டது. ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். எஞ்சின் இரண்டு முறை இருமியது, நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தார். பிறகு என்னை இறக்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, இருக்கையைத் தூக்கிக் குச்சியை விட்டார். நுனி மட்டுமே நனைந்திருந்தது. முதல் கோட்டைத் தொடவில்லை.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஆறுன்னீங்க, பாபு. அளக்கறப்ப காடி எங்க நின்னுச்சு?”

“ஷெட்டுல.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குச்சியைக் கால்சட்டையில் துடைத்துச் சட்டைக் காலருக்குப் பின்னால் செருகிக்கொண்டார். பின்னாலிருந்து என் மனைவி, “ஏங்க, என்ன ஆச்சு?” என்றாள். பதில் அவர்தான் சொன்னார்: “ஒண்ணுமில்ல தங்கச்சி. காடிக்கு மூச்சு வாங்குது. திருப்பி விட்டா சரியாயிடும்.”

எனக்கு மட்டும் கேட்கும்படி விளக்கினார். தொட்டிக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருக்கிறது. மூக்கு மேலே தூக்கினால் மிச்சம் இருக்கிற கொஞ்சமும் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. “உல்ட்டா ஏத்தறேன். மூக்கு கீழ இருந்தா தேல் பைப்புக்கு வரும். எனக்குப் பின்னால தெரியாது. நீங்க மேல நடந்து கையக் காட்டுங்க. ஓடாதீங்க. நடங்க.” ஷெட்டில் எந்தச் சாய்வு என்னை ஏமாற்றியதோ அதே சாய்வை இப்போது நம்பச் சொன்னார்.

வண்டியை அடிவாரம் வரை மெல்ல உருட்டி இறக்கினார். சமதரையில் நான் கைப்பிடி போட்டுச் சுற்றினேன். ஏழாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. வளைத்துத் திருப்பி, முதுகை மேட்டுக்குக் காட்டி, தாழ்ந்த கியரில் பின்னோக்கி ஏறத் தொடங்கினார். இடப்பக்கம் மழையில் அரித்த பள்ளம். ஆளை விழுங்கும் ஆழம். நான் வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து மேடேறினேன். பின்கதவின் மேல் என் மனைவியின் முகம் தெரிந்தது. அவள் கண்ணை என் மேலிருந்து எடுக்கவே இல்லை. பள்ளத்திலிருந்து சக்கரம் எத்தனை சாண் என்று பார்த்துப் பார்த்துக் கையைக் காட்டினேன். பயத்தில் வாய்விட்டு என் காலடிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருநூற்று முப்பதில் எஞ்சின் ஒருமுறை திணறியது. என் எண்ணிக்கையும் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “நிறுத்தாதீங்க, பாபு” என்றார். நடப்பதைச் சொன்னாரா எண்ணுவதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் என் முதுகு ஆஸ்பத்திரித் தூணில் இடித்தது.

அன்று பிற்பகல் எங்களுக்குப் பெண் பிறந்தாள். தாயும் பிழைத்தாள். டாக்டர் என்னிடம் எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி ஏன் வழியில் நின்றது என்று ஓவர்சியர் விசாரித்தபோது, பெட்ரோல் பம்பில் கோளாறு என்றார் டிரைவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவரும் அதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் “எத்தனை, பாபு?” என்று கேட்பதை நிறுத்திவிட்டார். காலையில் கிணற்றடிக்கு உருட்டுவார், அளப்பார், எண்ணைச் சொல்வார், நான் எழுதுவேன். பதினான்கு மாதம் அப்படியே போனது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார், எங்கள் வீட்டில் டீ குடிப்பார், எல்லாம் பழையபடிதான். அந்தக் கேள்வி மட்டும் இல்லை. ஒவ்வொரு காலையும் அது இல்லாததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சாத்தம் மர ஆலைக்கு மாற்றல் வந்தது. புறப்படும் காலையில் சாமான்கள் ஏற்றியாகிவிட்டன. டிரைவர் ஸ்டீயரிங்கில் கை வைத்து உட்கார்ந்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எத்தனை, பாபு?”

நான் சக்கரத்தடிக்குக் குனிந்தேன். கட்டையை எடுத்தேன். வண்டி உருண்டது. கிணற்றடியில் அவர் நிறுத்தி இறங்கிக்கொண்டார். நான் இருக்கையைத் தூக்கி, குச்சியை விட்டு, எடுத்துப் பார்த்து, “ஒன்பது” என்றேன். அவர் குச்சியை வாங்கிப் பார்க்கவில்லை. ஏறி ஸ்டார்ட் செய்தார். ரங்கத் ஜெட்டியில் என் டிரங்குப் பெட்டிக்கு மேல் அந்தக் குச்சியை வைத்தார். “நான் வேற செஞ்சுக்கறேன்” என்றார். அதற்குப் பிறகு அவரை இரண்டு முறைதான் பார்த்தேன்.

என் மனைவி இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிவரை வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வாள். “என் பொண்ணு ஜீப்புல பின்பக்கமா ஆஸ்பத்திரிக்குப் போனவ. டிரைவர் அண்ணன் உல்ட்டா ஓட்டினாரு. இவரு எனக்காக ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே வந்தாரு. அந்த எண்ணிக்கையைப் புடிச்சுத்தான் நான் மூச்சு விட்டேன்” என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

சென்ற வாரம் மகள் அலுவலக வேலையாக ரங்கத் புறப்பட்டாள். அவளுடைய வண்டியும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். எவ்வளவு தூரம் ஓடும் என்று அதுவே கண்ணாடித் திரையில் எண்ணாகக் காட்டுகிறது. எங்கள் தெரு சரிவு. வண்டி மூக்கு கீழே பார்க்க நின்றது. “எத்தனை காட்டுது?” என்றேன். சொன்னாள். கோயில் முன்னால் சமதரையில் நிறுத்திவிட்டு மறுபடி பார் என்றேன். அலுத்துக்கொண்டாலும் செய்தாள். எண் மாறவில்லை. “போதுமா அப்பா? இது பொய் சொல்லாது” என்றாள். அப்போதுதான் வீட்டுக்குள் போய்க் குச்சியை எடுத்துவந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்தவள், “அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது.”

அவள் வண்டியின் எஞ்சினை அணைத்தாள். குச்சியை வாங்கி, நகத்தால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஐந்தாவது கோட்டில் சற்று நின்றாள். பன்னிரண்டு வரை எண்ணி முடிக்கட்டும் என்று நானும் நின்றேன்.